செய்தியின் வாலை வெட்டியவருக்கு

இன்று காலை மகள் வீட்டு மிக்ஸி புகைந்தது. துவையல் அரைத்துக்கொண்டிருந்தவள் சுவிட்சை அணைத்துவிட்டு, "மோட்டார் போச்சும்மா" என்று தலையில் கைவைத்தாள். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. சூடேறிய தூசியும் கருகிய மெழுகும் கலந்த வாடை அடுக்களை முழுக்கப் பரவியது. நம் ரேடியோ சூடாகும்போது வருமே, அதே வாடை. கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் உள்ளே வந்து, "பிள்ளே, எல்லாரும் வந்தாச்சு, சாயாவுக்கு வெள்ளம் வை" என்று சொல்வீர்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மகள் ஜன்னலைத் திறந்து வாடையைப் போக்கிவிட்டாள். அவள்மேல் வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இருந்தபோது உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆன பிறகு எழுத்திலும் அது வர மறுக்கிறது. யாருக்கு எழுதுகிறாய் என்று யாராவது கேட்டால் சாயக்கடை ரேடியோக்காரருக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். ஊர் உங்களுக்கு வைத்த இன்னொரு பெயரும் உண்டு. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதுகிறேன்.

கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லாம் துணிமணியும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்தார்கள். நீங்கள் ஒரு ரேடியோப் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவே ரோட்டோரத்தில் சாயக்கடை போட்டு, பலகைத் தட்டில் அதை ஏற்றி வைத்தீர்கள். எங்கள் பக்கம் கரண்டு எட்டிப் பார்க்காத காலம். செங்கல்லைவிடப் பெரிய பாட்டரியும், பலாமரத்திலிருந்து கமுகு வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பியும்தான் அதற்குச் சோறும் தண்ணீரும். எனக்கு மாப்பிள்ளை பேச வந்த அப்பா முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தார். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். அதற்கப்புறம்தான் உங்களைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பையன் கொஞ்சம் முரடனாக்கும். ஆனா வீட்டில ரேடியோ உண்டு" என்றார். அந்த 'ஆனா'வில்தான் என் கல்யாணம் முடிவானது.

ஒரு பாட்டுக்காக மனிதர்கள் மைல் கணக்கில் நடந்தார்கள் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்பூரி மலையிலிருந்து நல்லமிளகு விற்க வருகிறவர்கள், சரக்குத் தீர்ந்த பிறகும் மலையேறாமல் நம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். பெண்கள் பின்வேலிக்கு வெளியே ஓலை முடைகிற பாவனையில் உட்கார்ந்திருப்பார்கள். கொழும்பிலிருந்து விருப்பப் பாட்டுப் போடும்போது, கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். அதற்காகக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஒருதரம் அந்தப் பெட்டியிலிருந்து 'குன்னத்துகால்' என்ற சொல் வந்தது. கடை முழுக்க எழுந்து நின்று கூப்பாடு போட்டது. பாட்டு என்ன பாட்டு என்று ஒருவரும் கவனிக்கவில்லை. ரேடியோவில் பேர் வந்த ஊர்தான் ஊர் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நீங்களும் லேசுப்பட்டவர் அல்ல. செத்துப் போனவர் என்பதற்காக உங்களை நல்லவராக்கி எழுத எனக்கு மனமில்லை. சாயா வாங்காமல் பாட்டுக் கேட்கிறவனைக் கண்டால், பாட்டின் நல்ல இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். யாராவது நடுவில் பேசினால், "இங்க பேசுகதுக்கு ஒரு வாய் போதும்" என்று பெட்டியைக் காட்டுவீர்கள். ஒருநாள் தங்கையன், அதுதான் அந்தப் பக்கத்து இளவட்டங்களுக்குத் தலைவனாகத் திரிந்தவன், குமிழைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். அத்தனை பேர் முன்னால் அவன் கையைத் தட்டிவிட்டு, "எலே, கைய கழுவீட்டு வா" என்றீர்கள். அவன் கழுவிவிட்டு வந்தான். வந்த பிறகும் தொட விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தங்கையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்த எனக்கு நல்லதாகப் படவில்லை.

அப்போது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் மறியலும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் நடந்த வருஷங்கள். நம் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பது தவிர வேறு பேச்சில்லை. ஒரே வீட்டில் அப்பன் தமிழிலும் மகன் மலையாளத்திலும் கோபப்பட்ட காலம். நம் கடையில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தது, ரேடியோ ஒன்றுதானே இருந்தது. தமிழ்ச் செய்தி முடியும் நேரமும் மலையாளச் செய்தி தொடங்கும் நேரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். திருச்சியிலிருந்து முள்ளை நகர்த்தி, கரகரப்பை எல்லாம் தாண்டி, திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் நிறுத்த உங்களுக்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் ஆகும். அதற்குள் அங்கே தலைப்பெல்லாம் வாசித்து முடிந்திருக்கும்.

அடக்காய்ப் பாக்கும் மிளகும் வாங்கி விற்கிற கேசவன்தான் வழக்கைக் கிளப்பினார். "அண்ணாச்சி, உங்க செய்தி தீருகது வரை இருந்தா எங்க மலையாள வார்த்தைக்குத் தலை காணாது."

"அப்பம் எங்க செய்திக்கு வாலு வேண்டாமா?" என்றான் தங்கையன்.

நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று தீர்ப்புச் சொன்னீர்கள். "வால்ல என்ன மக்கா கெடக்கு? நாளைக்கு மழை உண்டு, வெயில் உண்டு, அதாக்கும். வால நான் வெட்டுகேன். தலைய அவங்களுக்குக் குடுக்கேன்."

கடை சிரித்தது. அன்றுமுதல் தினமும் தமிழ்ச் செய்தி முடியச் சற்று முன்பே குமிழைத் திருப்பிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. தங்கையனும் தலையாட்டித்தான் சம்மதித்தான். வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு பைத்தியக்கார நியாயம் இருந்திருக்காது. ஆனால் உங்களுக்கு அதில் பெருமையோ பெருமை. ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது இரண்டையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தவன் நான் என்று என்னிடம் சொல்லிக்கொள்வீர்கள்.

ராஜ்யங்களைப் பிரிப்பதற்காக டெல்லி வைத்த கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்ட அந்த மாலையில் கடை கொள்ளாத கூட்டம். தங்கையனின் ஆட்கள் வெடி கொண்டுவந்திருந்தார்கள், நம் தாலுகாவின் பேர் வந்ததும் ரோட்டில் கொளுத்த. சாயா ஆற்றிக் கொடுத்துக் கொடுத்து என் கை சலித்துவிட்டது. தமிழ்ச் செய்தி வாசித்தவர் அவசரமே இல்லாமல் வாசித்தார். ஆந்திரா, மைசூர், பம்பாய் என்று தேசம் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் நம் மூலைக்கு வந்தார். மெட்ராஸோடு சேர வேண்டிய தாலுகாக்கள் என்று ஆரம்பித்தார். அகஸ்தீஸ்வரம். தோவாளை. கல்குளம். விளவங்கோடு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூச்சல். விளவங்கோடு நமக்கு அடுத்த தாலுகா. அடுத்தது நாம்தான் என்று வெடிக்காரன் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, சமயமாச்சு" என்றார் கேசவன்.

நீங்கள் திருப்பினீர்கள்.

ஏன் திருப்பினீர்கள் என்று வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். பழக்கம் என்று ஒரு நாள் தோன்றும். வீம்பு என்று இன்னொரு நாள். ஏற்பாடு என்றால் ஏற்பாடுதான், யாருக்காகவும் மாறாது என்று காட்டிக்கொள்கிற உங்கள் பிடிவாதம் என்று அநேக நாள். கடையில் எழுந்த இரைச்சலைக் கேட்டு நீங்களே பதறிப்போய் முள்ளைத் திரும்பவும் திருச்சிக்கு இழுத்தீர்கள். "செய்திகள் முடிவடைந்தன" என்று அந்தக் குரல் சொன்னது. அவ்வளவுதான்.

"எங்க ஊருக்க பேர மறச்சிப்போட்டான்லே!" என்று ஒருவன் கத்தினான். அது போதுமானதாக இருந்தது.

மலையாளச் செய்தியிலும் அதே பட்டியல் வரத்தான் போகிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தப் பெட்டியே அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கும். பொறுக்க ஒருவனுக்கும் நேரமில்லை. ஆனால் ஒரு காரியத்தை மட்டும் நிதானமாகச் செய்தார்கள். தங்கையன் ஏரியல் கம்பியைக் கழற்றினான். பாட்டரி வயரை, நீங்கள் கழற்றுகிற அதே வரிசையில், ஒவ்வொன்றாகக் கழற்றினான். பெட்டியின்மேல் தன் துண்டைப் போர்த்தி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்து என் கையில் கொடுத்தான். "அக்கா, இத பத்திரமா வச்சிடுங்க. கீழ விழுந்திடப்பிடாது." அப்புறம் கதவை அந்தப் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான்.

பெட்டி இன்னும் சூடாக இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டுக் கதவை இடித்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் நடந்தது முழுக்கக் காதில் விழுந்தது. பெஞ்சு உருளுகிற சத்தம். கண்ணாடித் தம்ளர்கள் உடைகிற சத்தம். "இந்தச் செவி வச்சுதானே கேட்ட? இந்தச் செவி வச்சுதானே?" என்று ஒரே குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் ஓர் அறை. நீங்கள் முதலில் வைதீர்கள். பிறகு கெஞ்சினீர்கள். நீங்கள் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். யாருக்காகக் குமிழைத் திருப்பினீர்களோ அந்தக் கேசவன் முதல் அடி விழுமுன்பே தோட்டத்து வழியாகப் போய்விட்டார். மறுநாள் அவர், "ஞான் ஒண்ணும் பறஞ்ஞில்லா" என்று கையை விரித்ததாகக் கேள்வி.

உங்கள் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக வேட்டி வரை இறங்கியிருந்தது. நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர் இடது காது போய்விட்டது என்றார். வலது காதில் பாதி தேறும், அதுவும் போகப் போகக் குறையும் என்றார். போலீசுக்குப் போகலாம் என்றேன். "அங்க போனா ஊர்க்காரன் என்ன மலையாளத்தான் பக்கம் சேந்தவன் என்பான். அது உண்மையாயிப் போவும்" என்று மறுத்துவிட்டீர்கள்.

மறுநாள் பேப்பர் வந்தது. நம் கடை வாசலில் நின்றே தங்கையன் உரக்க வாசித்தான். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. ஐந்து பெயர்கள். நெய்யாற்றின்கரை இல்லை. இனி வந்து தலைகுனிவார்கள் என்று நான் நினைத்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"பாத்தியளாலே?" என்றான் தங்கையன். "நாம கேட்டது நாலு. பேப்பர்ல அஞ்சு. அப்பம் இவன் ஒரு பேர மறச்சது உள்ளது. ஒண்ண மறச்சவன் ரெண்ட மறச்சிருக்க மாட்டானா?"

"அது செங்கோட்டையில்லா" என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"பேப்பர்காரன் விட்டிருப்பான். ரேடியோல விடமாட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணுக்கு எட்டாத டெல்லிக்காரனைவிட, கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்த உங்களை வெறுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நான் வாசல்படியில் நின்று அவர்களுடைய தாயையும் தகப்பனையும் சேர்த்து வைதேன். சபைப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் பேசுகிற பேச்சா என்று உபதேசியார் என்னைக் கண்டித்துவிட்டுப் போனார். அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. தலையில் போட்ட கட்டோடு நீங்கள் கடையைத் திறந்ததும், அதே ஆட்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள். அதே பெஞ்சில், அதே மாதிரி துண்டை மடியில் வைத்துக்கொண்டு. அவர்கள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நான் கொதித்துப்போய், "இஞ்ச கேட்டியளா, கடையச் சாத்துங்க" என்றேன். "கேக்க வாறவன் வரட்டு பிள்ளே" என்றீர்கள். நீங்களே கம்பியை மாட்டினீர்கள், வயரை மாட்டினீர்கள், பெட்டி சூடாகும் வரை காத்திருந்தீர்கள். பிறகு இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தை முழுக்கக் கூட்டினீர்கள். வெறும் இரைச்சல். சட்டியில் மீன் பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல்.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு தங்கையன் எழுந்து வந்து, "அண்ணாச்சி, பாட்டு வரல்ல" என்று கத்தினான்.

"அப்படியா? எனக்குக் கேக்கல்லியே மக்கா."

"வெறும் இரைச்சலாக்கும்!"

"வெறும் இரைச்சலில்ல. உங்க ஊருக்க பேரு இதிலதான் கெடக்கு. நல்லா கேட்டுப் பாருங்க."

ஒருவன்கூட எழுந்து போகவில்லை. முன்பெஞ்சில் இருந்த ஒரு கிழவனார் நிஜமாகவே பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார். நான் அடுக்களையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். உங்கள் வலது காதுக்கு அந்த இரைச்சல் நன்றாகவே கேட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பல மாதம் தினமும் அதைச் செய்தீர்கள். முதலில் இரைச்சல், அதற்கப்புறம்தான் பாட்டு. பாட்டுக்காக அவர்கள் அதையும் சகித்தார்கள். அந்தப் பெட்டிக்கு மனிதர்மேல் அவ்வளவு பிடி இருந்தது.

எல்லை போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றோம். வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது, நம் பெஞ்சுகள் காலியாயின. கதை மட்டும் போகவில்லை. ஊர் உங்களுக்கு 'திருப்பி' என்று பேர் வைத்தது. நம் வீடு திருப்பி வீடு. நம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முச்சந்தியில் வழி கேட்டபோது, "திருப்பிக்க மவளா?" என்று கேட்டுத்தான் வழி சொன்னார்களாம். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை விலை குறைந்தால்கூட, தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இப்படி ஆகுமா, எல்லாம் அந்தத் திருப்பி செய்த வேலை என்பார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறோம் என்று சிரிப்பார்கள்.

நீங்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று என்று எனக்குத் தெரியும். ஒரே ஒருவன் வந்து, நீ திருப்பினதால ஊர் போகல்ல என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவனுக்காகத்தான் ஆள் வராத கடையைத் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்தீர்கள். தலை நரைத்த தங்கையன் ஒருநாள் படியேறி வந்தபோது நீங்கள் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றீர்கள். அவன் தன் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தான். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, உங்கள் வலது காதில் வாயை வைத்து, "அன்னு நீரு திருப்பாம இருந்திருந்தா எனக்க மவன் இப்பம் மெட்ராஸ் சர்க்கார்ல சோலி பாப்பான்!" என்று கத்திச் சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். நான் அவனுக்குச் சாயா கொடுக்கவில்லை.

கடைசி மழைக்காலத்தில் உங்களுக்கு இரண்டு காதும் ஓய்ந்துவிட்டது. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டபோது, எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டீர்கள்.

"அதுக்குப் பெறகு ஒரு பேரு வாசிச்சிருப்பானோ, பிள்ளே?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நாற்பது ஆட்கள் சேர்ந்து சொன்னாலும் நீங்கள் ஒருவர் நம்ப மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். பேப்பர் பார்த்தவர் நீங்கள். படம் போட்டு எல்லை காட்டினதைப் பார்த்தவர் நீங்கள். "இல்ல! இல்லவே இல்ல! அஞ்சுதான்!" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். நீங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் புரியவில்லை. வலது கையை உங்கள் முகத்துக்கு நேரே விரித்து, விரல் விரலாகத் தொட்டுக் காட்டி, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். அகஸ்தீஸ்வரம். தோவாளை. கல்குளம். விளவங்கோடு. செங்கோட்டை. ஒவ்வொரு விரலுக்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். ஐந்தும் முடிந்தது. போதும் என்று கையை மடக்கப் போனேன்.

நீங்கள் என் மடியில் கிடந்த இடது கையை எடுத்தீர்கள். மூடியிருந்த அந்தக் கையில் சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்திவிட்டு, என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அதை மடக்கினேன். நீங்கள் மறுபடியும் நிமிர்த்தினீர்கள்.

தங்கையன் போய்விட்டான், கேசவன் போய்விட்டார், வெடி கொண்டுவந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போய்விட்டார்கள். மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று சபையில் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள். உங்கள் காதுக்காக என்றால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். அந்த விரலுக்காக அவர்களில் ஒருவனையும் மன்னிக்க மாட்டேன்.